எதிர்க்கதவில் ஒட்டிய சீட்டு

கோத்தன்பர்க்,
மார்ச் இரண்டு, வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மகன் யோரானுக்கு,

உன்னையும் கபுலாவையும் குழந்தை எலியாவையும் ஏரிக்கரைக் காற்றிலும் வெயிலிலும் ஆண்டவர் காத்து நடத்துவாராக என்று தினமும் காலை மன்றாட்டில் உங்கள் மூவர் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்கிறேன். இங்கே என் உடல் சுகமாகவே இருக்கிறது. முழங்கால் வலி பனிக்காலத்துக்கு உரிய அளவில்தான். மனத்தின் சுகத்தைப் பற்றி இக்கடிதத்தின் பிற்பகுதியில் எழுதுகிறேன். அதுவரை பொறுமையாக வாசிக்க வேண்டும். பாதியில் எழுந்து தொலைபேசியை எடுக்காதே. உன் மாமியார், என் அருமைச் சம்பந்தி மிலெம்பே அம்மாள், நாளைக் காலை விமானத்தில் புறப்படுகிறார். அவர் கையாலேயே இக்கடிதம் உன்னை வந்து சேரும். தபாலில் போட்டிருக்கலாம். அவர்தான் கூடாது என்று சொன்னார். ஏன் என்பதும் பின்னால் தெரியும்.

முதலில் சம்பந்தியின் வருகையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் முதல் பத்து நாட்கள் உண்மையிலேயே மகிழ்ச்சியானவை. உன் தந்தை மறைந்த பின் இந்த வீட்டில் இவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் மிஷன் மருத்துவமனையில் தாதியாக இருந்தபோது பேசிய சுவாஹிலி எனக்கு முழுவதும் மறந்துவிடவில்லை. நான் பேசுவது மலைப்பிரசங்கம் போல இருக்கிறது, ஒரு கிலோ தக்காளி கேட்கக்கூட ஆமென் சொல்லிவிடுவேன் போலிருக்கிறது என்று சம்பந்தி கேலி செய்தார். நீ வாங்கி அனுப்பிய தடித்த மேலங்கியை மாட்டிக்கொண்டு ஒரு நாள் விடாமல் துறைமுகத்துக்குப் போனார். ஆற்றைக் கடக்கும் படகில் ஏறிய முதல் நாளே என் காதருகில் வந்து, "சம்பந்தி, இத்தனை பேரும் எழவு வீட்டுக்கா போறாங்க? ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் உக்காரல, வாயும் தொறக்கல" என்று கேட்டார். வேலைக்குப் போகிறவர்கள், பிறர் அமைதியைக் கெடுக்கக் கூடாது என்று இருக்கிறார்கள் என்றேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு, தனியே அமர்ந்திருந்த ஒரு பெரியவரின் பக்கத்து இருக்கையில் போய் அமர்ந்தார். அந்தப் பெரியவர் இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கிப் போய்விட்டார்.

காப்பிக் கடைக்கு வெளியே உறைபனியில் தள்ளுவண்டிகளில் தூங்கும் குழந்தைகளைக் கண்டு அவர் பதறிப்போனார். கீழ்வீட்டு குன்வோர் அன்று எங்களுடன் வந்திருந்தாள். யாராவது தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வார்கள் என்று சம்பந்தி கேட்டதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது, "அழுவுற பிள்ளைய எவன் தூக்கிட்டுப் போவான்? அவனே அஞ்சு நிமிஷத்துல கொண்டாந்து விட்டுருவான்" என்று சிரிக்காமல் பதில் சொன்னாள். கடல் மேல் கட்டிய நீராவிக் குளியலறையிலிருந்து சிவந்த உடம்போடு வெளியே வந்து பனிக்கட்டித் தண்ணீரில் குதிக்கிறவர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது இவங்க பாவத்துக்குத் தண்டனையா, இல்ல காசு குடுத்துச் செய்யுறாங்களா?" என்று கேட்டார். காசு கொடுத்துத்தான் என்றேன். வெள்ளிக்கிழமை மீன் கூடத்தில் வேகவைத்த இறால் வாங்கி வந்து ஓடு உரித்துத் தின்றபோது மட்டும், ஏரி மீனைவிட இது பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டார். மருந்துக்கடையில் வரிசை எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளே இல்லாத கடையில் தன் எண் திரையில் வரும்வரை நின்ற கதையை அவரே உனக்கு நடித்துக் காட்டுவார்.

ஆனால் இதையெல்லாம் விட அவருக்கு விளங்காதது நம் படிக்கட்டு. ஒரு நாள் குப்பை கொட்ட நான் கதவைத் திறக்கப் போனேன். மேலே யாரோ இறங்கி வரும் காலடி கேட்டது. நீ சிறுவயதில் செய்தது போலவே, நான் இந்நாள்வரை செய்து வருவது போலவே, கைப்பிடியில் கை வைத்தபடி மூச்சை அடக்கி, அவர்கள் கடந்து போகும்வரை கதவின் கண்ணாடித் துளையில் கண் வைத்து நின்றேன். பின்னாலிருந்து சம்பந்தி மெல்ல, "திருடனா?" என்று கேட்டார். இல்லை, மூன்றாம் மாடிப் பெண் என்றேன். "சண்டையா?" என்றார். சண்டையும் இல்லை, அவளுக்குத் தொந்தரவு தர வேண்டாமென்றுதான் என்றேன். அன்று நான் சிரித்தேன், யோரான். அதை இப்போது நினைக்க எனக்குக் கூசுகிறது.

எதிர்வீட்டு ஸ்டூரேயை உனக்கு நன்றாக நினைவிருக்கும். கப்பல் கட்டும் துறையில் பாரந்தூக்கி ஓட்டியவர். நீ ஜன்னலை உடைத்த நாளில், தன் பந்துதான் என்று உன் தந்தையிடம் பொய் சொல்லி உன்னைக் காப்பாற்றியவர். கோயிலுக்கு வராதவர், ஆனால் உன் தந்தை ஆர்கன் பயிற்சி செய்யும்போது சுவரின் அந்தப் பக்கம் வானொலியைத் தணித்து வைத்துக் கேட்பவர். என்னை எப்போதும் "பாட்டுக்காரம்மா" என்றுதான் அழைப்பார். அவருக்கும் எனக்கும் சென்ற இலையுதிர்காலத்தில் கட்டடத்தின் பொதுச் சலவை அறையை வைத்து ஒரு மனக்கசப்பு. என் நேரத்தில் இருபது நிமிடம் அவர் துணி இயந்திரத்தில் இருந்தது. நான் குளிர்ந்த குரலில் நேரத்தை நினைவூட்டினேன். அவர், "பாட்டுக்காரம்மா, உங்க சொர்க்கத்துலயும் பலகையில பூட்டு மாட்டித்தான் எடம் புடிக்கணுமா?" என்று கேட்டார். அது கேலிதான். நான் அதை நிந்தையாக எடுத்துக்கொண்டேன். அன்று முதல் படிக்கட்டில் தலையசைப்பு மட்டும்.

நம் சலவைப் பலகையை நீ மறந்திருக்க மாட்டாய். நாளும் மணியும் எழுதிய துளைகள், வீட்டுக்கு ஒரு சிறு பூட்டு. எந்தத் துளையில் பூட்டு இருக்கிறதோ அந்த நேரம் அந்த வீட்டுக்குச் சொந்தம். பிறர் பூட்டை ஒருவரும் தொடமாட்டார். இந்தக் கட்டடத்தில் பத்துக் கட்டளைகளை மறந்தவர்களும் அந்த ஒரு கட்டளையை மீறியதில்லை.

நோன்புக்காலத்துக்கு முந்திய செவ்வாயன்று நான்கு பாலேட்டு ரொட்டிகள் வாங்கி வந்தேன். ஆளுக்கு ஒன்று தின்றோம். இரண்டு மீந்தன. சம்பந்தி, "ஒண்ண எதிர்வீட்டு ஐயாவுக்குக் குடுத்துட்டு வரட்டா? ரேடியோ கேக்குது, வீட்லதான் இருக்காரு" என்றார். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் கதவைத் தட்டுவது இங்கே வழக்கமில்லை என்று விளக்கினேன். அது உண்மைதான். மனக்கசப்பைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் தட்டை மூடி வைத்தார்.

மறுநாள் சாம்பல் புதன். காலை ஏழு முதல் பதினொன்று வரை சலவை அறை என்னுடையது. கீழே போனேன். இயந்திரத்துக்குள் ஸ்டூரேயின் ஈரத் துணிகள், முந்திய நாளிலிருந்து அப்படியே கிடந்து வாடையடிக்கத் தொடங்கியிருந்தன. பலகையில் அவர் பூட்டு இன்னும் செவ்வாய்க்கிழமைத் துளையில் தொங்கியது. நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்தேன். இலையுதிர்காலத்துக்குப் பழிவாங்குகிறார் என்று நினைத்தேன். எழுபத்தெட்டு வயதுக் கிழவி, சட்டைகளையும் காலுறைகளையும் விரல் நுனியால் எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு, என் துணியைத் துவைத்து முடித்து, மேலே வந்து மேசையில் அமர்ந்து ஒரு சீட்டு எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன். சலவை அறை நம் எல்லோருக்கும் பொதுவானது, நேரம் முடிந்தபின் துணியை விட்டுச் செல்கிறவர்கள் பிறரையும் நினைத்துப் பார்க்க வேண்டும், அன்புடன், அண்டை வீட்டார் ஒருவர். பெயர் போடவில்லை. பெயர் போடாமல் எழுதுவதுதான் இங்கே நாகரிகம். சம்பந்தி எதிரே அமர்ந்து உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தவர், யாருக்குக் கடிதம் என்று கேட்டார். எதிர்வீட்டுக்கு என்றேன். "எதிர்வீட்டுக்குக் கடிதமா? நாலடி தூரத்துக்கா?" என்றார். நான் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

சீட்டை ஸ்டூரேயின் கதவில் ஒட்டும்போது, பசைத்தாள் பிடிக்கட்டும் என்று உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தேன். உள்ளே வானொலி பேசிக்கொண்டிருந்தது. அதனூடே சிறு ஒலி, உலோகம் படுவது போல, மூன்று முறை. காப்பியைக் கலக்குகிறார் என்று நினைத்தேன், மகனே. நான் வெளியே நிற்பது தெரிந்தும் நிதானமாகக் காப்பி கலக்குகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்து நடுப்பகல் ஆராதனைக்கு உடை மாற்றினேன்.

போதகர் என் நெற்றியில் சாம்பல் இட்டார். அந்தச் சாம்பலோடுதான் மூன்று மணிக்கு வீடு திரும்பிச் சமையலறையில் நின்றேன். அப்போது வெந்நீர்க் குழாயில் அந்தத் தட்டல் தொடங்கியது. ஸ்டூரேயின் சமையலறையும் என் சமையலறையும் ஒரே சுவரின் இரு பக்கங்கள். குழாய் அதன் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் காற்றுப் புகுந்து குழாய்கள் முணுமுணுப்பது உனக்கே தெரியும். சம்பந்தி கத்தியைக் கீழே வைத்தார். யாரோ தட்டுகிறார்கள் என்றார். குழாய்தான், பழைய கட்டடம் என்றேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "மூணு தட்டு தட்டிட்டு நிறுத்துது. பதிலுக்குக் காத்திருக்குது. மறுபடி மூணு. எந்தக் குழாய் காத்திருக்கும் சம்பந்தி?" என்று கேட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்கு வந்து சங்கீதங்களைத் திறந்தேன். கூப்பிடுகிற ஆத்துமாவுக்கு ஆண்டவர் செவிசாய்ப்பதைப் பற்றி அன்று வாசித்தேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் அதைத்தான் வாசித்தேன். வியாழக்கிழமை நடுப்பகல்வரை, இடைவெளி நீண்டு நீண்டு, அந்தத் தட்டல் இருந்தது. அதன்பின் இல்லை. சரியாகிவிட்டது பார்த்தீர்களா என்று சம்பந்தியிடம் நானே சொன்னேன். அன்றுதான் காய்ந்துபோன அந்த இரண்டு ரொட்டிகளையும் குப்பையில் போட்டேன்.

சனிக்கிழமை காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது சம்பந்தி என்னைக் கேட்காமல் வெளியே போய் ஸ்டூரேயின் கதவைத் தட்டியிருக்கிறார். பதில் இல்லை. வானொலி மட்டும் பேசுகிறது. மண்டியிட்டு, கதவிலுள்ள தபால் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். நான்கு நாள் செய்தித்தாள் உள்ளே தரையில் குவிந்து கிடந்தது. அந்தத் துளை வழியாக வந்த வாடையை அவர் அறிவார். தன் கணவரையும் இரண்டு தம்பிகளையும் தன் கையாலேயே குளிப்பாட்டி அடக்கம் செய்தவர். அவர் படிக்கட்டு நடுவில் நின்று, "இந்த வீட்ல மனுசங்க யாராவது இருக்கீங்களா, இல்லையா?" என்று சுவாஹிலியில் கத்தியது எனக்குக் குளியலறையில் கேட்டது. நான் தலை துவட்டாமல் ஓடி வந்தபோது மேலும் கீழும் கண்ணாடித் துளைகளுக்குப் பின்னால் வெளிச்சம் மறைவதைக் கண்டேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குன்வோர் ஒருத்திதான், தன் பொறுப்பிலுள்ள எல்லா வீடுகளின் மாற்றுச் சாவிக்கொத்தோடு ஏறி வந்தாள். அவளுக்கும் திறக்கத் துணிவில்லை. காவலரை அழைத்தாள்.

ஸ்டூரே சமையலறைத் தரையில் சுவரோடு கிடந்தார். செவ்வாயன்று துணியை இயந்திரத்தில் போட்டுவிட்டு, காப்பி வைக்க மேலே வந்தபோது மூளையில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்திருக்கிறார், பேச்சு போய்விட்டது, வலப்பக்கம் செயலற்றுவிட்டது, இடக்கை மட்டும் மிஞ்சியது என்று மருத்துவர் சொன்னார். தொலைபேசி ஜன்னல் மேடையில் இருந்தது. இறந்தது வியாழக்கிழமையாக இருக்கலாம் என்றார். இடக்கையில் ஒரு காப்பிக் கரண்டி. வெந்நீர்க் குழாயின் வெள்ளைச் சாயம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், கட்டைவிரல் அகலத்துக்குப் பெயர்ந்து இரும்பு தெரிந்தது.

இளைய காவலர் வெளியே வந்து கதவிலிருந்த சீட்டைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். யார் ஒட்டியது என்று கேட்டார். குன்வோர், "இந்தக் கட்டடத்துல மாசம் பத்துச் சீட்டு ஒட்டுவாங்க சார். யாரோ" என்றாள். நான் அருகில் நின்றேன். ஈரத்தலையிலிருந்து தண்ணீர் கழுத்தில் வடிந்தது. வாய் திறக்கவில்லை. அவர் அதைப் பிய்த்தெடுத்துப் படிக்கட்டு ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுப் போனபின், யாரும் பார்க்காமல் எடுத்து என் வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை ஸ்டூரேயின் மகள் லிஸ்பெட் வடக்கிலிருந்து ரயிலில் வந்தாள். உனக்கு இரண்டு வகுப்பு மேல் படித்தவள். கண்கள் வீங்கியிருந்தன. ஞாயிறுதோறும் அப்பாவை அழைப்பாளாம். அவர் விழுவதற்கு முந்திய ஞாயிறு சளிப் பிடித்திருந்ததால் அவரே குறைவாகப் பேசினாராம். படிக்கட்டில் என்னையும் சம்பந்தியையும் கண்டு நின்று, "நீங்க பக்கத்துச் சுவர்ல இருக்கீங்களே, எதாச்சும் சத்தம் கேட்டுச்சா? சொல்லுங்க, நான் தாங்கிக்குவேன். அப்பா உடனே போயிட்டாரா, கெடந்து கஷ்டப்பட்டாரா, அது மட்டும் தெரிஞ்சா போதும்" என்று கேட்டாள். மருத்துவர் அவளிடம் எவ்வளவு சொன்னார் என எனக்குத் தெரியாது. இல்லை அம்மா, எதுவும் கேட்கவில்லை என்று தலையாட்டிச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

நம் மொழி சம்பந்திக்குத் தெரியாது என்பதை நம்பித்தான் அவர் முன்னிலையில் அப்படிச் சொன்னேன் போலிருக்கிறது. கதவைச் சாத்தியதும், "தலையாட்டினது எனக்குப் புரியும் சம்பந்தி. அதுக்குப் பாஷை வேணாம்" என்றார். நான் அழுதேன். வழக்கம் அப்படி என்றேன், யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்திருப்பார்கள் என்றேன். வழியோரத்தில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப் போன இருவரைப் பற்றி அறுபது ஆண்டுகளாக வேதத்தில் வாசித்து, அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்றே எண்ணி வந்திருக்கிறேன். அவர்களும் பிறருக்குத் தொந்தரவு தராமல் மரியாதையாக நடந்துகொண்டதாக நினைத்திருப்பார்களோ என்னவோ. சம்பந்தி எனக்கு ஆறுதலும் சொல்லவில்லை, கடிந்தும் பேசவில்லை. உன்னிடம் அவர் சொல்லிவிடுவாரா என்று நேற்றுக் கேட்டேன், அந்த அளவுக்கு நான் தாழ்ந்தேன். அவர், "நான் சொன்னா அது ஊர்க்கதை. நீங்க எழுதுங்க, நான் எடுத்துட்டுப் போறேன். ஆனா உங்க பையனுக்கு எழுதுற மாதிரி எதிர்வீட்டுக்கும் கடிதம் போடாதீங்க. நாலடிதான், நடந்து போங்க" என்றார். ஆகவேதான் இதைத் தபாலில் போடவில்லை. தபாலில் போட்டால் பெட்டிக்குப் போகும் வழியில் எனக்கு மனம் மாறும் என்பதை அவர் என் முகத்திலேயே கண்டுகொண்டார்.

லிஸ்பெட் இப்போது உள்ளே பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்கிறது. அடக்கம் இன்னும் மூன்று வாரம் கழித்து. அதுவரை அவள் இங்கே இருக்கமாட்டாள், இன்று மாலை ரயில். உண்மை தெரிந்தால் அவளுக்கு என்ன நன்மை, அவர் இரண்டு நாள் தட்டினார் என்று அறிவது ஒரு மகளுக்கு எப்படிப்பட்ட சுமை என்று மூன்று நாளாக எனக்கு நானே வாதாடினேன். அந்த வாதம் முழுவதும் அவளைக் காப்பது போலத் தோன்றி, கடைசியில் என்னைத்தான் காக்கிறது. அவள் என்னை வெறுக்கலாம். முகத்தில் கதவைச் சாத்தலாம். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. நான் மன்னிப்புக் கேட்கப் போவதாக நினைக்காதே. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறேன். அவர் கடைசிவரை உயிரோடு போராடினார், ஒரு கையால் தட்டினார், அதைக் காதால் கேட்டவள் நான் என்று சொல்லப் போகிறேன். திரும்பி வந்து இதில் ஒரு வரியும் சேர்க்கமாட்டேன். சேர்த்தால் என்னை நல்லவளாகக் காட்டும் ஏதாவது ஒன்றைச் சேர்த்துவிடுவேன். உறையை ஒட்டிச் சம்பந்தி கையில் கொடுத்துவிட்டே போகிறேன்.

நீ ஒன்று செய்ய வேண்டும். இப்போது அழைக்கலாமா அம்மா என்று முதலில் செய்தி அனுப்பிவிட்டு, நான் சரி என்ற பிறகு அழைக்கும் பழக்கத்தை நானே உனக்கு ஊட்டினேன். அதை விட்டுவிடு. கேட்காமல் அழை. நான் எடுக்காவிட்டால் மீண்டும் அழை. அப்போதும் எடுக்காவிட்டால் குன்வோரிடம் சொல்லிக் கதவைத் திறக்கச் சொல், நான் உடையில்லாமல் இருந்தாலும் கவலையில்லை. எலியாவுக்குக் காய்ச்சல் விட்டதா என்பதை எழுது. கபுலாவின் தாயார் இங்கே தலைவலி என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை என்றாலும் இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு முறை மறந்தார். அதைக் கவனித்துக்கொள்ளச் சொல்.

உங்கள் வாசலில் வந்து நிற்கிறவரை வெறுங்கையோடு அனுப்பாத வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். பிதாவாகிய தேவனுடைய சமாதானம் உன்மேலும் உன் வீட்டார்மேலும் நிலைத்திருக்கட்டும். சீட்டு என் கையில் இருக்கிறது. முன்கூட்டிச் சொல்லாமல் தட்டப் போகிறேன்.

உன் அன்புத் தாய்,
தீரா